டிரான் ஆன் ஹுங்

வியட்நாமில் பிறந்து பிரான்சில் வாழும் திரைப்பட இயக்குநர். 1962-இல் டா நாங் நகரில் பிறந்தார்; வியட்நாம் போர் முடிந்த 1975-இல் குடும்பத்தோடு பிரான்சில் குடியேறினார். முதல் முழுநீளப் படமான 'பச்சைப் பப்பாளியின் மணம்' (1993) கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநருக்கான கேமரா தோர் விருதைப் பெற்றது. 1951-இல் சைகோன் வீடொன்றுக்கு வேலைக்கு வரும் சிறுமியின் கதை அது. படம் முழுவதும் பிரான்சில் அரங்கு அமைத்தே எடுக்கப்பட்டது. முற்றமும் செடிகொடிகளும் எறும்புகளும் பூச்சிகளின் ரீங்காரமும் அந்த அரங்குக்குள்ளேயே உயிர்பெற்றன. பிளந்த பப்பாளிக்காயின் வெண்முத்து விதைகளைச் சிறுமி விரல்நுனியால் தொட்டுப் பார்க்கும் காட்சி ஒன்றே போதும். சிறுவயதில் விட்டுவந்த வீட்டை மணமாகவும் ஒலியாகவும் மீட்டெடுத்தவர் இவர் என்பது புரியும்.

அடுத்த படமான 'சிக்லோ' (1995) ஹோ சி மின் நகரத் தெருக்களில், ரிக்‌ஷா ஓட்டும் இளைஞனைப் பின்தொடர்ந்தது. முந்தைய படத்தின் அமைதி இதில் இல்லை, வன்முறை மிகுதி. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. 2000-இல் ஹனோய் சகோதரிகள் மூவரைப் பற்றிப் படமெடுத்தார். இந்த மூன்று படங்களிலும் நடித்தவர் இவர் மனைவி டிரான் நு யென் கே. பிரெஞ்சுச் சமையற்கட்டில் நிகழும் காதல் கதைக்காக 2023-இல் கானில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். கத்தியும் காய்கறியும் கொதிக்கும் பாத்திரமும் அதிலும் அதே பொறுமையோடு காட்டப்படுகின்றன.