தளவானூர்க் குகையும் ஒரு பிரகசனமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்கள் இராஜகிரியில் ஏறி இறங்கிய களைப்போடு ஊர் திரும்பிவிடுவதே வழக்கமாதலால், அதற்குத் தென்கிழக்கே வயல்களின் நடுவில் கிடக்கும் தளவானூர்ச் சிறு குன்றை நாடிச் செல்வோர் மிகச் சொற்பம். (தென்பெண்ணைக் கரையில் இதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு, அது வேறு.) ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சிவாலயம் அக்குன்றில் தெற்கு நோக்கி நிற்கிறது. இரண்டு தூண்களும் இரண்டு அரைத்தூண்களும், இரு கோடியிலும் துவாரபாலகரும் அமைந்த அதன் முகப்பின் மேலே, அம்மன்னனுடைய மற்றக் குடைவரைகளில் காணக்கிடைக்காத மகரதோரணம் ஒன்று வளைந்திருப்பதைப் பார்க்கும்போது, கோயில் வாயிலைவிட நாடக அரங்கின் நினைவே எனக்கு முதலில் வந்தது. உள்ளே நேராக நோக்கினால் கருவறை புலப்படாது. மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில், கிழக்கு நோக்கி அது ஒதுங்கியிருக்கிறது. நாயகனைப் பக்கத்திரைக்குப் பின்னே நிறுத்தி வைத்தாற்போன்ற அமைப்பு!

இக்குகையில் வடமொழிச் சுலோகம் ஒன்றும், பிரமமங்கலத்துச் செல்லன் சிவதாசன் இயற்றிய தமிழ் வெண்பா ஒன்றும் வெட்டப்பட்டுள்ளன. சத்துருமல்லேசுவராலயம் என்னும் கோயிற்பெயரை அவற்றால் அறிகிறோம். சத்துருமல்லன் என்பது மகேந்திரனுடைய விருதுப்பெயர்களில் ஒன்று. குணபரன், அவனிபாஜனன், மத்தவிலாசன் என்று இன்னும் பல பட்டங்களைத் தன் குகைகள்தோறும் பொறித்துவைத்த அவ்வரசன், தான் எழுதிய பிரகசனத்திற்கும், அதாவது நகைச்சுவை நாடகத்திற்கும், மத்தவிலாசம் என்றே பெயரிட்டான். காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் குகையிலுள்ள சிதைந்த கல்வெட்டில் அந்நாடகத்தின் பெயர் காணப்படுகிறது. ஆனால் நாடகம்?

அது தமிழ்நாட்டில் அகப்படவில்லை. மலையாள நாட்டு ஓலைச்சுவடிகளிலிருந்து அதனை மீட்டு, 1917-ல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் பதிப்பித்தவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். கல்லிலே கண்ட அதே பட்டங்கள் ஓலையிலும் வந்து நின்றபோது, நாடகாசிரியன் இன்னான் என்பதில் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

கதை அற்பமானது, ஆனால் அதில் தெறிக்கும் கேலி அற்பமானதன்று. குடிவெறியில் தள்ளாடும் சத்தியசோமன் என்னும் காபாலிகன், தன் பிச்சைப் பாத்திரமாகிய கபாலத்தைக் காணாமல், அவ்வழியே போன நாகசேனன் என்னும் பௌத்த பிக்ஷுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்த பிக்ஷுவோ, மதுவையும் மாதரையும் அனுமதித்த மூலநூலைக் கிழட்டுத் தேரர்கள் மறைத்துவிட்டார்களோ என்ற ஏக்கத்தில் நடப்பவன். வழக்கை நியாயஸ்தலத்திற்குக் கொண்டுபோகலாம் என்றால், விகாரைகளின் செல்வமெல்லாம் கையிலுள்ள இவன் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவானே என்று காபாலிகனின் தோழி அஞ்சுகிறாள். தன் தலைநகரத்து நியாயாதிபதிகளைப் பற்றி ஓர் அரசன் தானே இப்படி எழுதினான் என்பதை எண்ணிப் பாருங்கள். கடைசியில், மாமிச வாசனைக்காகக் கபாலத்தைத் தூக்கிச் சென்றது ஒரு நாய் என்றும், அதனிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் அதைப் பிடுங்கிக்கொண்டான் என்றும் தெரியவருகிறது.

காஞ்சியின் தெருவில் நடப்பதாக எழுதிய இந்நகைச்சுவையைக் காத்தவர் சாக்கியார்கள். கேரளத்துக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகக் கூடியாட்டம் என்னும் வடமொழி நாடகக் கலையை ஆடிவந்த அக்குடும்பங்கள், நாடகச் சுவடியோடு, அரங்க முறையைக் கூறும் கிரமதீபிகை, சொல்லுக்குச் சொல் அபிநயத்தை விவரிக்கும் ஆட்டப்பிரகாரம் என்னும் ஏடுகளையும் போற்றி வந்தன. அவை வெறும் புத்தகங்களல்ல. பையன்களை உட்காரவைத்துக் கண்ணசைவு முதற்கொண்டு பயிற்றிய ஒரு பள்ளிக்கூடத்தின் தஸ்தாவேஜுகள். 1965-ல் கேரள கலாமண்டலம் பைங்குளம் ராம சாக்கியாரை ஆசிரியராகக் கொண்டு கூடியாட்டத்தைப் பாடமாக வைத்தபோது, அதுவரை குலத்திற்கே உரியதாயிருந்த அக்கல்வி பிறருக்கும் திறந்துவிடப்பட்டது.

தளவானூரைச் சுற்றிய சீமைக்கும் அத்தகைய பள்ளிக்கூடம் உண்டு. நாம்தான் அதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பதில்லை. செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேலச்சேரித் திரௌபதையம்மன் கோயிலை ஆதிக்கோயில் என்று பக்தர்கள் போற்றுகிறார்கள். இப்பக்கத்துத் திரௌபதையம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் விடியுமட்டும் தெருக்கூத்தும், முடிவில் படுகளமும் தீமிதியும் நடைபெறும். கட்டை வேஷம் தரித்த துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் வருகையைத் தானே பாடுகையில், கூத்தின் கோமாளியாகிய கட்டியங்காரன் அவனைப் பார்த்து அடிக்கிற கேலியில், மகேந்திரன் சிரித்த சிரிப்பின் சாயல் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதற்குச் சாசன ஆதாரம் கேட்பவர்களிடம் நான் தோற்றுப்போகத் தயார்.

ஜமா என்னும் கூத்துக் குழுவை நடத்திப் பிள்ளைகளுக்குப் பாட்டும் அடவும் சொல்லிக்கொடுப்பவரை இங்கே வாத்தியார் என்றே அழைக்கிறார்கள். கர்ண மோட்சமும் அர்ச்சுனன் தபசும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், மூலை மடிந்த நோட்டுப் புத்தகங்களில், கையெழுத்தாகக் கிடக்கின்றன. தளவானூர்க் கல்லுக்கு அரசாங்கத்தின் காவல் உண்டு. அந்த நோட்டுகளுக்கு அதுவும் இல்லை. செஞ்சிப் பக்கத்து அன்பர்களே, உங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரின் பெட்டியைக் கரையான் திறப்பதற்கு முன்னே, அவர் அனுமதியோடு நீங்கள் திறந்து பிரதி எடுத்து வையுங்கள்.