டீச்சர், இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?

 

போன வாரம் நம்ம பழைய மாணவர் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். "டீச்சர், இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" அவ்வளவுதான் கேள்வி. சாதாரணமாக ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்டது யார் என்று பார்த்ததும் என்னால் ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பதிவு நீளம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாகப் படியுங்கள்.

முதலில் பதில். கு.அழகிரிசாமி தன் நண்பர் கி.ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கிறது. அதைத்தான் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டியைத் தாண்டி நாலுவழிச் சாலையில் போனால் இடைசெவல் வரும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஊர்தான். அந்தச் சின்ன ஊரில் 1923 செப்டம்பர் 16-ஆம் தேதி கி.ரா. பிறந்தார். சரியாக ஒரு வாரம் கழித்து 23-ஆம் தேதி அதே ஊரில் அழகிரிசாமி பிறந்தார். இரண்டு பேருக்கும் பின்னாளில் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991-இல். இப்படி இரண்டு பேரைக் கொடுத்த கிராமம் இந்தியாவில் எத்தனை இருக்கும்?

கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. அதை அவரே கேலியாகச் சொல்லிக்கொள்வார். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்து, வேலைக்காகச் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்தார். வை.கோவிந்தனின் 'சக்தி'யில் இருந்தார். மாக்சிம் கார்க்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1953-இல் மலேயாவுக்குப் போய்க் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் நான்கு வருஷம் வேலை பார்த்தார். ஒருவர் கரிசல் காட்டில் விவசாயம், இன்னொருவர் பட்டணத்தில் பத்திரிகை. நடுவில் தபால்காரர். இலக்கியம், கம்பன், சங்கீதம் என்று கடிதத்திலேயே பேசிக்கொண்டார்கள். கி.ரா. அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்று நாம் படிக்க முடிகிறது.

கி.ரா.வும் முதலில் கடிதம் எழுதித்தான் எழுத்துப் பழகினார். அவர் கடிதங்களை நண்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்து ரசித்தார்களாம். 'மாயமான்' என்ற அவருடைய சிறுகதை 1958-இல் 'சரஸ்வதி'யில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. ஆகவே, வயசாகிவிட்டது, இனிமேல் என்ன படித்து என்ன எழுத என்று சலித்துக்கொள்கிற என் தம்பி மகன் இதைக் கவனிக்கவும்!

இவர்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்து கேட்ட பெரியவர் ஒருவர் உண்டு. ரசிகமணி டி.கே.சி. அவருடைய திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் வட்டமான தொட்டிக்கட்டு முற்றம் இருந்தது. 1920-களில் அங்கே நண்பர்கள் கூடிக் கம்பனைப் பாடுவார்கள், ரசிப்பார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, நீயும் கேள். அவ்வளவுதான் அங்கே பாடத்திட்டம். பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்துக்குப் போனபோது இடைசெவல் இளைஞர்கள் இரண்டு பேரும் அங்கேயும் தேடிப் போனார்கள்.

இதே காலத்தில் நூலகத்தின் கதையும் ஒரு பக்கம் நடந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு என்பதுதான் முதல் விதியின் சாரம். இதை ஒரு விதியாகச் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்ட் என்ற ஊரின் பேராலயத்தில் இன்றும் அந்தச் சங்கிலிகளைப் பார்க்கலாம். புத்தகம் விலை உயர்ந்த பொருள், மனிதர்கள் அதைத் தொலைத்துவிடுவார்கள் என்ற பயம்.

அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் வேறு மாதிரி யோசித்தார்கள். மக்கள் நூலகத்துக்கு வராவிட்டால் என்ன, நூலகம் மக்களிடம் போகட்டும் என்று மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். மாடு பூட்டிய வண்டியில் புத்தகம் வருவதை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையது. இன்றும் நீங்கள் வீட்டு வரி கட்டும்போது அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் கட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறோம்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

எழுத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் சாத்தூர் நிப்பு என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். குடிசைத் தொழிலாக வீட்டுக்கு வீடு பேனா நிப்பு செய்தார்கள். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. இப்போது சாத்தூர் என்றால் காராச்சேவு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பக்கத்தில் சிவகாசி, நாடு முழுவதற்கும் டைரியும் காலண்டரும் நோட்டும் அச்சடித்துக் கொடுக்கிற ஊர். எழுதுகிற முள்ளும் இங்கேதான், எழுதுகிற தாளும் இங்கேதான். ஆனால் எழுதப் படிக்க வேண்டிய பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?

தீப்பெட்டி ஆபீஸில் இருந்தார்கள்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. அதை மறக்கக் கூடாது. ஆனால் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேண்டும் என்று ஆகிவிட்டது. விடியும் முன்பே ஆபீஸ் பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் அந்த பஸ்ஸின் ஹாரன்தான் பல கிராமங்களுக்குச் சேவல். ராஜம் கிருஷ்ணன் இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் 'கூட்டுக் குஞ்சுகள்' நாவல் எழுதினார். நம்ம பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமே எடுத்தார். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. நிலைமை மாறியது. ஆனால் அதற்கு முன்பே போனவர்கள் போனவர்கள்தான்.

இப்போது என் கதை. எங்கே, எந்தப் பள்ளி என்பது வேண்டாம்.

என் வகுப்பறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் அறுபது எழுபது புத்தகங்கள். படம் போட்ட கதைப் புத்தகங்களும் இருந்தன. சாவி என்னிடம். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாசிரியர் பணம் கட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். புதுசாகச் சேர்ந்தவள், சம்பளம் கொஞ்சம், பயம் அதிகம். ஆகவே பீரோவைத் திறக்க மாட்டேன். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் தூசி தட்டி அடுக்கி வைப்பேன். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் பெட்டி ஒட்டுவாள். பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஒருநாள் நான் தூசி தட்டும்போது பீரோவுக்குள் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். "டீச்சர், அந்த யானைப் படம் போட்டதை ஒரு நாளைக்குக் குடுங்க, நாளைக்குக் கொண்டாந்துருவேன்" என்றாள். நான் அவள் விரலைப் பார்த்தேன். பசை ஒட்டிவிடும் என்று நினைத்தேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். நானும் அதையே சொன்னேன். முழுப் பரீட்சை முடிந்தது. ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. பஸ் ஏறிவிட்டாள்.

ஹெரிபோர்ட்காரர்கள் சங்கிலி போட்டார்கள், நான் பூட்டுப் போட்டேன். என்ன வித்தியாசம்?

மேலாண்மை பொன்னுச்சாமி நம்ம மாவட்டம், மேலாண்மறைநாடு. 1951-இல் பிறந்தவர். அவரும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஊரில் சின்னக் கடை வைத்துக்கொண்டே படித்தார், எழுதினார். 'செம்மலர்' பத்திரிகையில் அவர் கதைகள் வந்தன. 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுப்புக்காக 2007-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தோடு வேறொன்றும் வந்தது. ஐந்தாம் வகுப்பு ஒரு முடிவு இல்லை என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் யாராவது ஒருவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால்தானே அதற்கு மேல் நடக்கும்? நான் கொடுக்கவில்லையே.

அடுத்த வருஷத்திலிருந்து பீரோவைத் திறந்தே வைத்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசை. உண்மை அதுவல்ல. மூன்று வருஷம் ஆனது. 1990-களில் அறிவொளி இயக்கம் வந்து, அறுபது வயசுப் பாட்டிகள் ராத்திரியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்த பிறகு எனக்கு முழுசாக வெட்கம் வந்தது. அதன் பிறகு வகுப்பில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒவ்வொருவரும் என்ன படித்தேன், எது பிடித்தது என்று எழுந்து சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மொத்தத்தில் பதினொரு புத்தகம் தொலைந்தது. பணம் கட்டினேன். சொத்து ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இனி கேள்வி கேட்டவளைப் பற்றி. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். யானைப் புத்தகம் கேட்ட அதே பெண்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் குழுவில் சேர்த்துவிட்டாளாம். நான் போன் போட்டேன். அந்தப் பீரோ விஷயத்தைச் சொல்லி, தப்புப் பண்ணிவிட்டேன் தாயி என்றேன். அவள் சிரித்தாள். "எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "யானை இல்ல டீச்சர், அது ஒட்டகம்" என்றாள்.

அவள் இப்போது மகளின் நூலகச் சீட்டில் எடுத்துப் படித்துக்கொண்டிருப்பது அழகிரிசாமியின் சிறுகதைகள். அதில் 'அன்பளிப்பு' என்று ஒரு கதை. குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவரும் ஒரு நல்ல மனிதர், சாரங்கன் என்ற பையனுக்கு மட்டும் ஒன்றும் தராமல் விட்டுவிடுகிறார். பிறகு சாரங்கன் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள். "அந்தப் பையனை நெனச்சு ராத்திரி தூக்கமே வரல டீச்சர்" என்றாள். எனக்கும் அன்று வரவில்லை. அவள் எழுத்து பார்த்துச் சொன்னாளா, கதையை மட்டும் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

நம்ம பகுதியில் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் பரவியிருக்கிறது. வட்டத்தொட்டியானாலும், இடைசெவல் கடிதமானாலும், ஒருவர் இன்னொருவரிடம் நான் இதைப் படிக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நூலகக் கட்டடம் வேண்டும், 2022 முதல் விருதுநகரில் நடக்கிற புத்தகத் திருவிழாவும் வேண்டும். அதோடு அந்த ஒரு வார்த்தையும் வேண்டும்.

ஆகவே இந்த வாரம் வீட்டுப்பாடம். லைக் போட்டுவிட்டு ஓடக் கூடாது. நீங்கள் இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள், அதில் எது பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றும் படிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அடிக்க மாட்டேன். சாத்தூரில் இருப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள். என் அலமாரிக்குப் பூட்டு கிடையாது. திருப்பித் தர மறந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சாத்தூர்