தேவை ஒழியும், அழகு நிற்கும்: அகுஸ்தீனின் விண்ணக இன்பம்

விண்ணக இன்பம் குறித்து அகுஸ்தீன் எழுதியவற்றை மண்ணுலக இன்பங்களின் மறுப்பாகவே வாசிப்பது ஆய்வுலகில் நெடுநாளைய வழக்கம். உலகைப் பயன்படுத்த வேண்டும், கடவுளையே துய்க்க வேண்டும் என்று அவரது 'கிறித்தவப் போதனை'யின் முதல் நூல் வகுத்த பாகுபாடு அதற்கு அடித்தளம். அந்த ஒரே அளவுகோலைக் கொண்டு அளந்தால் 'கடவுளின் நகரம்' 22ஆம் நூலின் 24ஆம் இயல் வெறும் சொல்லலங்காரமாகிவிடுகிறது. என் வாசிப்பில், அகுஸ்தீனின் மறுமை நம்பிக்கைக்கு அந்த இயலே திறவுகோல். அங்கே அவர் கிழிக்கும் கோடு மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையில் இல்லை. தேவைக்கும் அழகுக்கும் இடையில் இருக்கிறது.

அந்த இயல் நிற்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு இயல்களுக்கு முன்புதான் நோய், வெள்ளம், கடற்பயணத்தின் ஆபத்து, வெறிநாய்க்கடி என மனித வாழ்வின் துயரங்களை அவர் அடுக்கி முடித்திருக்கிறார். அதே கை இப்போது நன்மைகளை எண்ணுகிறது: நெசவு, உழவு, கட்டடக்கலை, இசை, உணவுக்குச் சுவையூட்டும் பொருள்கள், மரநிழல், பூக்களின் மணம், நிறம் மாறிக்கொண்டே இருக்கும் கடல். பேருடல் கொண்ட திமிங்கிலத்தைவிட எறும்பும் தேனீயுமே அவரை அதிகம் வியக்க வைக்கின்றன. பட்டியலின் நடுவில் ஆணின் தாடி வருகிறது. அது முகத்துக்குக் காப்பு என்றால் உடல்வலிமை குறைந்தவர்களாக அவர் கருதிய பெண்களுக்கல்லவா முதலில் வாய்த்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஆகவே அது அழகுக்காக மட்டுமே உள்ளது என்கிறார். இன்று இந்த உடலியல் நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அதிலிருந்து அவர் பெறும் முடிவு சிரிப்புக்குரியதன்று. உடலைப் படைத்ததில் பயனைவிட அழகே முதன்மை பெற்றது, தேவை கடந்துபோகும், இச்சையின் கலப்பின்றி ஒருவர் அழகை ஒருவர் துய்க்கும் காலம் வரும் என்கிறார். பயன்படுத்துவதற்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட உடல், இங்கே துய்ப்புக்கு உரியவற்றின் வரிசைக்கு வந்துவிடுகிறது.

இந்த நன்மைகளைத் தண்டனைக்குள்ளான மனிதரின் ஆறுதல்கள் என்றுதானே அவர் முடிக்கிறார், அது இழிவுரையன்றோ என்று கேட்கலாம். அவருடைய தர்க்கத்தின் திசையைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆறுதலே இத்தனை பெரிதென்றால் பரிசு எத்தனை பெரிதாக இருக்கும் என்பதே அவர் வாதம். சிறியதைக் கொண்டு பெரியதை அளக்கும் வாதத்தில் சிறியது மெய்யான நன்மையாக இருந்தாக வேண்டும். மண்ணின் இன்பம் பொய்யென்றால் விண்ணின் இன்பத்தை அளக்க அவரிடம் எதுவும் மிஞ்சாது. இதைவிட வலுவான மறுப்பு காலத்தைப் பற்றியது. 'கடவுளின் நகரம்' முடிந்த 426ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, பாதியில் விட்டிருந்த 'கிறித்தவப் போதனை'யையும் அவர் முடித்தார். பழைய பாகுபாட்டைக் கைவிடவில்லை. இதை மறுப்பதற்கில்லை. எனினும் உலகைத் துய்த்து வழியிலேயே தங்கிவிடாதே என்று மனிதனை வழிநடைப் பயணியாக்கி எச்சரிக்கும் அதே முதல் நூல், இறைவனில் நாம் ஒருவரை ஒருவர் துய்ப்போம் என்பதையும் ஏற்கிறது. 24ஆம் இயல் அந்தச் சலுகையை உடலின் அழகுவரை விரிக்கிறது. முன்னாள் சொற்கலை ஆசிரியரின் பழக்கமே இப்பட்டியல் என்ற வாதத்துக்கு நெடிய பதில் தேவையில்லை: அலங்காரம் மட்டுமே என்றால் கடைசி இயலில் அது மீண்டும் தலைகாட்டியிருக்காது. நிறைவான 30ஆம் இயலில், இப்போது கண்ணுக்கு மறைந்திருக்கும் உள்ளுறுப்புகளின் இசைவும் உயிர்ப்புக்குப் பின் வெளிப்பட்டு, கடவுளைப் புகழத் தூண்டும் என்கிறார். பசி தணிக்கும் வேலை அவ்வுறுப்புகளுக்கு அங்கே இல்லை, அழகு இருக்கிறது.

உண்பதும் கேட்பதும் தனக்கு வைக்கும் கண்ணிகளை 'ஒப்புதல்கள்' பத்தாம் நூலில் அவர் அஞ்சியது உண்மை. அந்த அச்சம் தேவை என்ற போர்வையில் நுழையும் இச்சையைப் பற்றியது. அதை அழகின் மேல் ஏற்றுவது நம் தவறு. அகுஸ்தீனை உலக வெறுப்பின் ஆசானாகக் காட்டும் வாசிப்பு, 22ஆம் நூலின் 24ஆம் இயலுக்கு விளக்கம் சொல்லும்வரை முழுமையானதாகாது.