கல்லீரல் புற்றுநோய்: கொழுப்பும் நோய் எதிர்ப்பாற்றலும் வகிக்கும் பங்கு

கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் வைரஸ்களும் மதுவும் முக்கியக் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றுடன் கல்லீரலில் சேரும் கொழுப்பும் தற்போது அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களையே இக்கொழுப்பு தடம் மாறச் செய்வதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 8.66 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் உயிரிழந்தனர்.

சகித்துக்கொள்ளும் உறுப்பு

கல்லீரலை அடையும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடல் உள்ளிட்ட செரிமான உறுப்புகளிலிருந்து வருகிறது. அதில் உணவுச் சத்துகளுடன் பாக்டீரியாக்களின் கூறுகளும் கலந்திருக்கும். இவை அனைத்தையும் எதிர்த்தால் அழற்சி ஓயாது என்பதால், கல்லீரலின் எதிர்ப்பு மண்டலம் இயல்பாகவே சகிப்புத்தன்மை கொண்டது. இத்தன்மையைப் புற்றுநோய் செல்கள் தமக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றன.

கொழுப்பு மிகும்போது கல்லீரல் செல்கள் சேதமடைந்து அழற்சி நீடிக்கிறது. அதனால் தழும்பு உருவாகி, சிரோசிஸ் நிலையும் பின்னர் புற்றுநோயும் ஏற்படலாம். சிலருக்கு சிரோசிஸ் ஏற்படும் முன்பே புற்றுநோய் தோன்றுகிறது.

சர்க்கரைக்குப் போட்டி

புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிக அளவில் உறிஞ்சி, லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இதனைக் கண்டறிந்தார். புற்றுநோயைத் தாக்க வரும் டி செல்களுக்கும் குளுக்கோஸ் தேவை. அது குறைந்து அமிலத்தன்மை கூடும் சூழலில் அவற்றின் ஆற்றல் குன்றுகிறது.

சிகிச்சையில் தாக்கம்

அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துகளின் கூட்டு சிகிச்சைக்கு 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எனினும், 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், கொழுப்பு சார்ந்த கல்லீரல் அழற்சி கொண்ட எலிகளில் நோய் எதிர்ப்பு சிகிச்சையால் தூண்டப்பட்ட டி செல்கள் புற்றுக்கட்டியைக் குறைக்காமல், கல்லீரல் பாதிப்பை அதிகரித்தது தெரியவந்தது. நோயின் மூலகாரணத்துக்கு ஏற்ப சிகிச்சையைத் தேர்வு செய்வது குறித்த ஆய்வுகள் தொடர்கின்றன.

தடுப்பு வழிகள்

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் நோயை மத்திய அரசு 2021-இல் இணைத்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி செலுத்துவதும் மதுவைத் தவிர்ப்பதும் அவசியம். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்தால், கல்லீரல் அழற்சி தணிய வாய்ப்புள்ளது.