தலையிடியும் பனடோல் கணக்கும்

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் தலையிடிக்கு ஒரே வைத்தியம்தான்: இரண்டு பனடோல், ஒரு தேநீர். ஆனால் எல்லாத் தலையிடியும் ஒன்றல்ல.

அதிகம் காண்பது இறுக்கத் தலையிடி. தலையைச் சுற்றிப் பட்டி கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்தும். ஆனாலும் வேலை செய்யலாம். இரவு வேலையும் நித்திரைக் குறைவும் மனக்கவலையும் இதைக் கூட்டும். ஊரில் கபாலக்குத்து என்று சொல்லும் ஒற்றைத் தலையிடி வேறு. துடித்துத் துடித்து இடிக்கும், சத்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்தில்லாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். இதற்கென்றே ட்ரிப்டான் வகைக் குளிசைகள் உண்டு. வலி தொடங்கியதுமே எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். இதய நோயாளருக்கு அவை ஆகாது. ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தி, அந்தக் கண்ணால் நீர் வடிந்து, ஆளை இருக்கவிடாமல் நடக்கவைப்பது கொத்துத் தலையிடி. அதற்குப் பனடோல் பயன்படாது. முகமூடி வழியே ஒட்சிசன் கொடுப்பார்கள்.

எங்கள் சனம் அறியாதது இன்னொன்று: குளிசையாலேயே வரும் தலையிடி. தலையிடிக்காரர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போன்றவற்றையோ, ட்ரிப்டான் அல்லது கோடீன் கலந்தவற்றை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுத்துவந்தால், அந்த மருந்தே வலியை வளர்க்கும். எத்தனை குளிசை என்பதல்ல, எத்தனை நாள் என்பதே கணக்கு.

கணக்காளராக இருந்தும் நாங்கள் இந்தக் கணக்கை எழுதவில்லை. வைத்தியர் சொல்லி ஒரு மாதம் கொப்பியில் குறித்தபோது 22 நாள் வந்தது. நிறுத்திய முதற்கிழமை வலி கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. கோடீன் உள்ளதைத் திடீரென நிறுத்தக்கூடாது. வைத்தியரைக் கேட்டே குறைக்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறவர்கள் அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். இலக்கத்தை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

சில தலையிடிக்குக் கொப்பி எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்தல், பேச்சுக் குழறல் என்றால் உடனே அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வரும் தலையிடியோடு, தலை சீவும்போது தோல் நொந்தாலோ சப்பும்போது தாடை வலித்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பிந்தினால் கண்பார்வை போய்விடக்கூடும்.