தச்சன் கையின் விலை

நம் குலத்தாருட் பலர் மரவேலையால் வாழ்பவர்; அவருள் மரமறுக்கும் ஆலைகளிற் கூலிக்கு நிற்பாரும் உளர். ஆதலின், இரம்பத்தாற் கையிழந்தானுக்கு உலகம் யாது ஈடு வகுத்தது, அஃது எக்காலத்துத் தொடங்கிற்று என்பதை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பல்.

முற்காலத்து மரமறுப்போர் இருவர். ஒருவன் மரத்தின் மேலும் மற்றொருவன் பள்ளத்துள்ளும் நின்று ஈர்வாளை இழுப்பர். கை ஓய்ந்தால் வாளும் ஓயும். 1777-இல் ஆங்கில நாட்டுச் சவுத்தாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பார் வட்ட இரம்பத்தைக் குறிப்பிடும் காப்புரிமை ஒன்றைப் பெற்றார். பின்னர் நீராவியும் மின்சாரமும் அதனைச் சுழற்றலாயின. இதன் கொடுமை யாதெனின், அறுபட்ட மரம் பின்புறத்தே நெருங்கி வாளைக் கவ்வுமாயின், அம்மரம் ஆளை நோக்கி எறியப்படும். அதனைத் தள்ளிநின்ற கை இமைப்பொழுதிற் பற்களின்மேல் வீழும். இதனைத் தடுத்தற்கு வாளின் பின்னே நிறுத்தும் பிளவுத்தகடும், மேலே மூடும் காப்பும் உள. வேலை விரைய வேண்டுமென்று அவற்றைக் கழற்றி மூலையில் எறிவாரும் உளர், என் சொல்வது!

அடிபட்டானது நிலை நெடுங்காலம் இரங்கத்தக்கதாகவே இருந்தது. 1837-இல் இங்கிலாந்தில், இறைச்சி விற்போனொருவனுடைய வேலையாள், மிகைபாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு ஒடியப்பெற்று வழக்கிட்டான். வேலையிலுள்ள இடரை அறிந்தே ஏற்றானென்று நீதிமன்றம் அவனைக் கைவிட்டது. அத்தீர்ப்பைப் பற்றிக்கொண்டு, உடன்வேலை செய்வோன் பிழையால் நேர்ந்த ஊறுக்கு முதலாளி பொறுப்பல்லன் என்னும் கொள்கையும் வேரூன்றிற்று. 1884-இல் செருமனியும் 1897-இல் இங்கிலாந்தும், குற்றம் யாருடையது என்று வினவாமலே ஈடு வழங்கும் சட்டங்களை இயற்றின. நம் நாட்டில் 1923-இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்தது. தனக்கென அமைத்த காப்பினை வேண்டுமென்றே நீக்கினான் என்பது நிலைநாட்டப்படின், ஈடு மறுக்கப்படலாமென்பது அதில் ஒரு விதி. காப்பைக் கழற்றுவோர் இதனை நினைவிற் கொள்க.

அச்சட்டத்தின் அட்டவணை விந்தையானது. உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலை நூறாக வைத்து, பெருவிரல் போயின் 25, சுட்டுவிரல் போயின் 10, ஏனைய விரலொன்றுக்கு 5 என வகுத்தனர். முழங்கைக்கு மேற்போயின் வலக்கைக்கு 70, இடக்கைக்கு 60! உளியைப் பிடிப்பது இடக்கையென்பதை அட்டவணை வரைந்தோர் அறிந்திலர் போலும். பிற்காலத்துத் திருத்தத்தால் பெருவிரலுக்கு 30-உம், சுட்டுவிரலுக்கு 14-உம், நடுவிரலுக்கு 12-உம் ஆயின.

இக்குறைக்கு விடை ஒரு வழக்கிற் கிடைத்தது. 1968-இல் ஒரிசாவில், படக்கொட்டகையொன்றில் அணிவேலை செய்துகொண்டிருந்த தச்சரொருவர் கீழே வீழ்ந்து இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். இஃது ஒருபகுதி இழப்பே என்றார் முதலாளி. ஒருகையால் தச்சுவேலை இயலாது, ஆகவே இழப்பு நூற்றுக்கு நூறே என்றார் ஆணையர். 9,800 ரூபாயும், தாழ்த்தமைக்குத் தண்டமாக அதிற் பாதியும், வட்டியும் விதித்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, ஈடு அடிபட்ட நாளிலிருந்தே செலுத்தற்பாலதென்றும் கூறிற்று. போன உறுப்பை மட்டுமன்றிப் போன தொழிலையும் எடைபோட்டமையே இத்தீர்ப்பின் சிறப்பு.

2009-இல் அச்சட்டத்தின் பெயர் மாறிற்று. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அதன் விதிகள் சேர்க்கப்பெற்றன. எனினும் நம்மவர்பால் இச்செய்தி இன்னும் எட்டவில்லை. சில ஆண்டுகட்கு முன், என்பாற் பயின்ற மாணவனொருவனுடைய தந்தையார் ஓர் ஆலையில் இடக்கை விரல் இரண்டை இழந்தார். மருத்துவச் செலவுக்கெனச் சிறுதொகை ஈந்து, இனி யாதும் கேளேன் என்றெழுதிய தாளில், மீந்திருந்த இடப்பெருவிரலின் ரேகையை வாங்கிக்கொண்டனர். அத்தாளுக்கு அஞ்சி அவர் வாளாவிருந்தார். உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய உடன்படிக்கை சட்டத்தின்முன் செல்லாதென்று யான் கூறியபோது அவர் எளிதில் நம்பவில்லை. மனுச்செய்ய அந்நாட் சட்டம் தந்த தவணை ஈராண்டு. அடிபட்டு இருபத்திரண்டு திங்கள் கழிந்திருந்தன. அன்றிரவே விளக்கடியில் அமர்ந்து ஆணையர்க்கு மனு எழுதினோம். தொழில் என்னவென்று குறிக்கும் இடத்தில், கூலியாள் என்றெழுதச் சொன்னார் அவர்; யான் தச்சர் என்றெழுதினேன்.