வாரிசுச் சொத்துக்கு வரி உண்டா? பெண்களின் பங்கு எங்கே நின்று போகிறது?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் பல குடும்பங்களில் இன்றும் பட்டா பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால், "பிரித்தால் வரி, பத்திரச் செலவு எல்லாம் தலைக்கு மேல் போகும்" என்பார்கள். அதே பயத்தில், தந்தை உயிரோடு இருக்கும்போதே முழுவதையும் மகன்கள் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிவிடுவதும் உண்டு. மகள்களுக்கு அல்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் தந்த பங்கு அப்படியே காணாமல் போகிறது.

முதலில் வரியைப் பார்ப்போம். இந்தியாவில் வாரிசு வரி இப்போது இல்லை. 1953-ல் எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி வந்தது. அதன் உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம். வசூலோ ஆண்டுக்கு சுமார் 20 கோடி ரூபாய்தான், நிர்வாகச் செலவும் அதிகம் என்று சொல்லி, 1985-ல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை நீக்கினார். சொத்து வரிச் சட்டமும் 2015 பட்ஜெட்டோடு முடிந்தது. 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி பற்றிப் பேச்சு எழுந்தது. சட்டமாக எதுவும் வரவில்லை. ஆகவே வாரிசாகக் கிடைக்கும் வீடு, நிலம், நகை, வங்கிப் பணம் எதற்கும் வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்தச் சொத்திலிருந்து பிறகு வரும் வாடகைக்கும் வட்டிக்கும்தான் வரி.

பத்திரச் செலவு? தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு மொத்தம் 9 சதவீதம். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். 40 லட்சம் ரூபாய் சொத்தை விட்டு ஒருவர் இறந்தார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டுமே வாரிசுகள் என்று வையுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதியில் மகனுக்கு 17.5 லட்சம், மகள்களுக்குத் தலா 8.75 லட்சம். எல்லாப் பங்குக்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் செலவு 80,000 ரூபாயைத் தாண்டாது. இதை நால்வர் பகிர்ந்துகொள்ள முடியாதா?

விற்கும்போதுதான் வரி வருகிறது. தந்தை வாங்கிய விலையே வாரிசுக்கும் அடக்க விலை. 2001-க்கு முந்தைய சொத்தானால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற கணக்கோடு ஒப்பிட்டுக் குறைந்ததைக் கட்டலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லாம் அண்ணன் ஒருவர் பெயரில் இருந்தால் முழு லாபமும் அவர் தலையில் விழும். பங்கு பிரித்து விற்றால் அவரவர் லாபம் அவரவருக்கு. வேறு வருமானம் இல்லாத தாய்க்கும் சகோதரிக்கும், 2025-26 நிதியாண்டுக் கணக்கில் புதிய முறைப்படி 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. ஹிந்து கூட்டுக் குடும்பம் என்ற தனி வரிக் கணக்கு நமக்குக் கிடையாது. ஆனால் ஷரீஅத் சொன்னபடி பிரித்தாலே வரியும் பெரும்பாலும் குறைகிறது.

விவசாய நிலத்துக்கு வேறு கணக்கு. தருமபுரி நகராட்சி போல 10,000-க்கு மேல், 1 லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும் மாந்தோப்பை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. இந்தத் தூரம் நேர்க்கோட்டில் அளக்கப்படும், சாலை வழியாக அல்ல.

மய்யித்தின் வருமான வரி பாக்கி இருந்தால் அது கடன். இறந்த நாள் வரையிலான கணக்கை வாரிசுதான் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே அவர் பொறுப்பு. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், இவற்றுக்குப் பிறகே பங்கு.

வங்கி நாமினி விஷயத்திலும் குழப்பம் அதிகம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்லர். பங்குப் பத்திரங்களுக்கும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மகன் நாமினியாக இருந்தாலும் தாய்க்கும் சகோதரிக்கும் உரிய பங்கை அந்தப் பணத்திலிருந்து அவர் கொடுத்தாக வேண்டும்.

சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கும் வீடுகளில், அவருடைய பங்கின் இன்றைய மதிப்பை ரூபாயில் எழுதிக் காட்டிவிட்டுக் கேளுங்கள். தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விருப்பம்.